22 கேஜ் டெஃப்செல் வயரில் லேபிள் நிற்கவில்லை: எதை ஒட்டுவது, என்ன எழுதுவது?

இறக்கைவிலா கேட்டது:

வணக்கம். வீட்டிலேயே கட்டும் ஆர்வி-7ஏ விமானம், உடல் வேலை முடிந்து வயரிங் தொடங்கும் கட்டம். 14 வோல்ட், ஒரு பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர். எஞ்சின் லைகாமிங் ஓ-360, பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ, சாவி ஸ்விட்ச். பேனலில் கார்மின் ஜி3எக்ஸ் டச் திரை. வயர் முழுக்க டெஃப்செல் காப்புள்ளது, பெரும்பாலும் 22 கேஜ் (கேஜ் எண் கூடக்கூட வயர் ஒல்லி), எல்லாமே வெள்ளை. பட்டியல் போட்டதில் 200 வயர் பக்கம் வருகிறது.

லேபிளில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒட்டும் நாடாவைச் சுற்றினால் இரண்டே நாளில் ஓரம் கிளம்பிச் சுருள்கிறது. மார்க்கரில் எழுதினால் விரல் பட்டாலே அழிகிறது. லேபிள் பிரிண்டருக்கு 5.8 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) கேசட் வாங்கிப் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று விழுகிறது, ஆனால் முழுக்கச் சுருங்கிய பிறகும் வயரில் வளையல் மாதிரி ஓடுகிறது.

கேள்விகள் மூன்று. 22 கேஜில் அசையாமல் நிற்கும் லேபிள் எது? அதில் என்ன எழுதுவது, எண்ணா, வேலையின் பெயரா? அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏவின் வழிகாட்டி ஏசி 43.13-1பி சொல்கிறபடி 15 அங்குலத்துக்கு ஒன்று போடத்தான் வேண்டுமா?

---

செம்புக்கம்பி பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதிலேயே நிறைய இருக்கிறது.

டெஃப்செல் என்பது ஈடிஎஃப்ஈ, டெஃப்லானின் பங்காளி. எந்தப் பசையும் அதைப் பிடிக்காது. நாடாவின் மேல் குறையில்லை, பிராண்டை மாற்றினாலும் இதே கதைதான். அந்த வயரில் எதையும் ஒட்டி நிறுத்த முடியாது, இறுக்கித்தான் நிறுத்த வேண்டும். அல்லது லேபிள் தன் மேலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட வெள்ளைப் பகுதியும் நீளமான தெளிவான வாலும் உள்ள சுற்று லேபிள்கள் நிற்பது அதனால்தான். வால் முழுச் சுற்று வந்து லேபிளின் மேலேயே ஒட்டுகிறது, வயரை அது நம்பியில்லை.

உங்கள் ஸ்லீவ் ஓடுவதற்குக் காரணம் வெறும் கணக்கு. பிரதர் நிறுவனத்தின் எச்எஸ்இ-211 அளவுதானே அது? அது 1.7 முதல் 3.2 மி.மீ. வரை விட்டமுள்ள வயருக்கு. தட்டையாக 5.8 மி.மீ. அகலம் என்றால் சுற்றளவு சுமார் 11.6, விரித்தால் விட்டம் 3.7, பாதியாகச் சுருங்கினால் 1.8. உங்கள் 22 கேஜ் வயரின் வெளிவிட்டம் சுமார் 1.1 மி.மீ. 20 கேஜ் 1.3, 18 கேஜ் 1.5. ஆக 18 கேஜ்கூட அதற்கு ஒல்லிதான். அதே கேசட் 22 கேஜ் முறுக்கு ஜோடியிலும் ஷீல்டு போட்ட வயரிலும் கச்சிதமாக உட்காரும். வாங்கியதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை 22 கேஜுக்குக் காகிதமும் தெளிவான ஹீட் ஷ்ரிங்கும் போதும். செலவும் இதில்தான் குறைவு.

லேசர் பிரிண்டரில் சாதாரணத் தாள். இங்க்ஜெட் வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறும். எழுத்து 6 பாயிண்ட், தடித்தது, வளைவு நெளிவு இல்லாதது. அந்த அளவில் பெரிய எழுத்தின் உயரம் 1.5 மி.மீ. வரும். வயரின் சுற்றளவே 3.5 மி.மீ. தான், அதில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது பாதி. பெரிய எழுத்தாகப் போட்டால் முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டு பாதி எழுத்துதான் தெரியும். அதனால் ஒரே வாசகத்தை அடுத்தடுத்து இரண்டு வரியாக அச்சிடுங்கள். வயர் எப்படித் திரும்பியிருந்தாலும் ஒரு வரி உங்களைப் பார்க்கும்.

துண்டு 20 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம். 1 மி.மீ. டிரில் பிட்டின் தண்டில் ஒரு தடவை இறுக்கிச் சுற்றி எடுத்தால் வளைவு அப்படியே நிற்கும், பிறகு வயரில் தானாகக் கவ்வும். இதைச் செய்யாவிட்டால் குழாயைத் தள்ளும்போது துண்டு ஒவ்வொரு தடவையும் விரிந்து நழுவும். மேலே 2.4 மி.மீ. தெளிவான பாலியோலெஃபின் குழாய், 30 மி.மீ. நீளம், இரண்டு பக்கமும் காகிதத்தைத் தாண்டி 5 மி.மீ. வரும்படி. அது 1.2 மி.மீ. வரை சுருங்கும். வயரும் காகிதமும் சேர்ந்து 1.4 வரும் என்பதால் நன்றாகக் கவ்வும். காகிதத்தின் நுனி குழாய்க்கு வெளியே தெரிந்தால் எண்ணெயும் ஈரமும் திரி மாதிரி உள்ளே ஏறிவிடும், அந்த 5 மி.மீ.யில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தெளிவான குழாய் பிவிசியாக இருக்கக் கூடாது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், காக்பிட்டில் அதற்கு இடமே இல்லை. உறையில் பாலியோலெஃபின் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

200 வயருக்கு 400 லேபிள். காகிதம் ஒரே தாளில் அடங்கிவிடும், 9 பத்தி, 50 வரிசை. குழாய் 12 மீட்டர், 15 ஆக வாங்குங்கள். எல்லாவற்றையும் அச்சிடும் ஹீட் ஷ்ரிங்கில் செய்வதென்றால் லேபிளுக்கு 25 மி.மீ. வைத்தாலும் 10 மீட்டர். கேசட்டில் இருப்பது 1.5 மீட்டர்தான், ஏழு கேசட் ஆகும். அதிலும் ஒவ்வொரு லேபிளாக அச்சிட்டு வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அங்குலம் வெற்றாகப் போய் செலவு இரட்டிப்பாகும். தொடர் அச்சு வைத்து அடித்துவிட்டுக் கத்தரியால் வெட்டுங்கள்.

---

வயர்ப்பட்டியல் பதில்:

என்ன எழுதுவது என்பதற்கு என் பதில் எண். எண் மாறாது. பெயர் மாறும்.

எண் கொடுக்க ராணுவத்திலிருந்து வந்த ஒரு முறை இருக்கிறது. முதலில் வேலையைச் சொல்லும் எழுத்து: விளக்குக்கு எல், இக்னிஷனுக்கு ஜே, ரேடியோவுக்கு ஆர், எஞ்சின் கருவிகளுக்கு ஈ, பறப்புக் கருவிகளுக்கு எஃப், எரிபொருளுக்கும் எண்ணெய்க்கும் கியூ, எச்சரிக்கைக்கு டபிள்யூ. அடுத்து வயரின் எண், பிறகு துண்டின் எழுத்து, கடைசியில் கேஜ். ‘எல்12ஏ20’ என்றால் விளக்குச் சுற்று, 12ஆம் வயர், முதல் துண்டு, 20 கேஜ். அது ஒரு கனெக்டரைத் தாண்டியதும் துண்டின் எழுத்து மாறும், எண் அப்படியே தொடரும். கிரவுண்டுக்குப் போகும் வயர் என்றால் கடைசியில் ஓர் ‘என்’. ஐ, ஓ இரண்டையும் பயன்படுத்தாதீர்கள், ஒன்று, பூஜ்யம் என்று படித்துவிடுவோம். 6, 9 தனியாக வரும் இடத்தில் அடிக்கோடு போடுங்கள், பேனலுக்கடியில் தலைகீழாகத்தான் படிப்பீர்கள்.

இந்தக் குறிமுறையில் எனக்குப் பிடித்தது கேஜ் லேபிளிலேயே இருப்பது. பிற்பாடு யாராவது ஒரு விளக்கைக் கூட்டி 5 ஆம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு 10 போட நினைத்தால், வயர் தாங்குமா என்று அந்த இடத்திலேயே பார்க்கலாம்.

லேபிளுக்கு முன்னால் பட்டியல். அதில் பத்திகள்: எண், எங்கிருந்து கனெக்டர் எந்தப் பின், எங்கே கனெக்டர் எந்தப் பின், கேஜ், நிறம், ஷீல்டு, எந்த பிரேக்கர், நீளம், குறிப்பு. ஒரு வரி ஒரு வயர். லேபிளை இந்தப் பட்டியலிலிருந்தே அச்சிடுங்கள், கையால் தட்டாதீர்கள். 400 லேபிளைக் கையால் தட்டினால் நான்கைந்து நிச்சயம் பிசகும். பிசகிய லேபிள் லேபிளே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அதை நம்புவீர்கள்.

---

கௌலிங் பதில்:

எண் மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. வீட்டில் கட்டிய விமானத்துக்கு வரைபடம் ஒரு மடிக்கணினியில் இருக்கும், மடிக்கணினி வீட்டில் இருக்கும், பழுது வேறு ஊர் விமான நிலையத்தில் வரும். அங்கே வண்டிக்கடியில் படுத்திருக்கிற மெக்கானிக் ‘எல்12ஏ20’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இடது லேண்டிங் விளக்கு என்று சுருக்கமாக ஒரு சொல்லும் பின்னால் எண்ணும் சேர்ந்து வரட்டும். 20 மி.மீ.யில் 14, 15 எழுத்து தாராளமாகப் பிடிக்கும். ஏற்கெனவே இரண்டு வரி போடுகிறீர்கள், ஒரு வரியில் பெயர், ஒரு வரியில் எண் என்று வைத்தாலும் சரிதான்.

ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள சுவர்) முன்னால் போகும் வயர்களைத் தனியாக யோசியுங்கள். அங்கே தவறான லேபிளுக்கு விலை அதிகம்.

முதலில் மேக்னெட்டோவின் பி-லீடுகள், அதாவது கிரவுண்ட் செய்து மேக்னெட்டோவை அணைக்கும் வயர்கள். சாவி ஸ்விட்ச் வைத்திருக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது பொறியைத் தாமதப்படுத்தும் இம்பல்ஸ் கப்ளிங் இடது மேக்னெட்டோவில் மட்டும் இருந்தால், ஸ்டார்ட் நிலையில் வலது பக்கத்தை ஸ்விட்ச் கிரவுண்ட் செய்துவிடும், எஞ்சின் இடதில் மட்டும் பற்றும். இடது வலது லேபிள் மாறி ஸ்விட்சில் மாற்றி இணைத்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். தாமதப்படுத்தும் கப்ளிங் உள்ள பக்கம் செத்துக் கிடக்கும், 20, 25 டிகிரி முன்கூட்டியே பொறி விடும் பக்கம் உயிரோடு இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் எஞ்சின் பின்னால் உதைக்கும், ஸ்டார்ட்டரின் மூக்கு உடையும். ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் மேக்னெட்டோ சோதனையில் இது தெரியவும் தெரியாது, இரண்டு பக்கமும் ஆர்பிஎம் இறங்கத்தான் செய்யும். பி-லீடில் இரண்டு முனையிலும் லேபிள், ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் இரு பக்கமும் ஒவ்வொன்று.

அடுத்தது சூடு அளக்கும் தெர்மோகப்பிள். நான்கு ஈஜிடி (எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு), நான்கு சிஎச்டி (சிலிண்டர் தலையின் சூடு), மொத்தம் 16 வயர். அமெரிக்க நிறமுறையில் கே வகை மஞ்சள்-சிவப்பு, ஜே வகை வெள்ளை-சிவப்பு. இரண்டிலும் சிவப்புதான் நெகட்டிவ். மற்ற எல்லா இடத்திலும் சிவப்பு பாசிட்டிவ் என்று பழகிய கை இங்கே தவறும். மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் சூடாகச் சூடாக அளவு கீழே இறங்கும். லேபிளில் சிலிண்டர் எண்ணோடு பிளஸ், மைனஸ் குறியும் அச்சிடுங்கள். லைகாமிங்கில் பைலட் இருக்கையிலிருந்து பார்க்க 1 என்பது வலது முன், 2 இடது முன், 3 வலது பின், 4 இடது பின். கான்டினென்டலில் எண் பின்னாலிருந்து தொடங்குகிறது. அந்த எஞ்சினில் பழகியவர் உதவிக்கு வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காகிதம் ஃபயர்வாலுக்கு முன்னால் வேண்டாம். எண்ணெயும் 100எல்எல் பெட்ரோலும் கழுவும் கரைப்பானும் படும் இடம். லேசரில் அச்சாகும் பாலியெஸ்டர் தாள் கிடைக்கிறது, அதை அதே மாதிரி குழாய்க்குள் வையுங்கள். பாலியோலெஃபினின் தாங்கும் சூடு 125, 135 டிகிரி. எக்ஸாஸ்ட் குழாயில் ஏறும் ஈஜிடி புரோபுக்குப் பக்கத்தில் அது நிற்காது, லேபிளை ஓர் அடி தள்ளிப் போடுங்கள். தெளிவான கைனார் குழாய் 175 தாங்கும், ஆனால் விறைப்பானது. வயர் ஆடும் இடத்தில் போட்டால் குழாய் முடிகிற விளிம்பில் வயர் மடிந்து மடிந்து இழை அறும். ஃபயர் ஸ்லீவுக்குள் போகும் வயருக்கு, ஸ்லீவின் வெளியிலும் ஒரு லேபிள்.

---

இறக்கைவிலா:

மிக்க நன்றி. 3.5 மி.மீ. சுற்றளவுக் கணக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டது, பெயரும் எண்ணும் இரண்டு வரியாகவே வைக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டிலிருக்கும் சின்ன லேபிள் பிரிண்டரின் நாடாவைக் காகிதத்துக்குப் பதிலாக வைத்துப் பார்த்தேன், ஹீட் கன் காட்டியதும் முழுக்கக் கறுத்துவிட்டது. சூடு அதிகமா? அப்புறம் 50 பின் டி-சப் கனெக்டரில் இத்தனை லேபிளை எங்கே வைப்பது?

---

கிரிம்ப் பதில்:

சூடு காரணமில்லை, நாடாதான் காரணம். மை இல்லாமல் சூட்டாலேயே எழுத்து விழும் நாடா அது. ஹீட் கன்னைப் பொறுத்தவரை அந்த நாடா முழுவதும் இன்னும் எழுதாத எழுத்து. மை ரிப்பனிலிருந்து எழுத்து மாறும் வகையா என்று பாருங்கள், அல்லது லேசர் தாளோடு நில்லுங்கள்.

ஹீட் கன்னில் வளைந்த மூக்கு மாட்டி, இரண்டு மூன்று வினாடி, ஓர் இடத்தில் நிறுத்தாமல். பாலியோலெஃபின் 120 டிகிரிக்குள் சுருங்கிவிடும். டெஃப்செல் 150க்கு மதிப்பிட்டது, 265 பக்கம் உருகும், கன்னின் வாயில் அதைவிட அதிகச் சூடு வரும். லைட்டர் வேண்டாம், கரி படிந்து எழுத்து மறையும். ஆன்டெனா கேபிள் ஆர்ஜி-400 என்றால் கவலையில்லை. ஆர்ஜி-58 என்றால் அதன் உள்காப்பு பாலியெத்திலீன், சூட்டில் இளகி நடுக்கம்பி மையம் விட்டு நகரும். அதற்குச் சுற்று லேபிள் போடுங்கள், சூடே காட்ட வேண்டாம்.

டி-சப்புக்கு: கனெக்டரின் பின்மூடியான பேக்‌ஷெல்லுக்குள் ஒரு லேபிள்கூட இருக்கக் கூடாது. உள்ளே போனால் கட்டு தடித்து, கவ்வி வயரை விட்டுவிட்டு லேபிளைப் பிடிக்கும். பின்னிலிருந்து 5 செ.மீ. தள்ளி முதல் வரிசை. எல்லா லேபிளும் ஒரே இடத்தில் வந்தால் பாம்பு எலியை விழுங்கின மாதிரி கட்டு உப்பும். மூன்று படியாகப் பிரித்து, 5, 9, 13 செ.மீ.யில் வையுங்கள். இங்கே லேபிளில் பின் எண்ணும் வேண்டும். எஞ்சின் சென்சார்கள் வந்து சேரும் கார்மின் ஜிஈஏ 24 பெட்டியில் ஜே241 முதல் ஜே244 வரை நான்கு கனெக்டர். ‘ஜே243-17’ என்று எழுதியிருந்தால் பின்னை வெளியே இழுத்த பிறகும் அது எங்கே திரும்பப் போக வேண்டும் என்று வயரே சொல்லும். பேக்‌ஷெல்லின் முதுகிலும் கனெக்டரின் பெயர் இருக்கட்டும். ஒரே அளவு கனெக்டர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை தானாக மாற்றித்தான் சொருகும்.

வேலையின் வரிசை முக்கியம். லேபிளையும் குழாயையும் முதலில் வயரில் கோத்துக்கொண்டு, பிறகு கிரிம்ப் (முனையை அழுத்திப் பொருத்துவது), பிறகு மீட்டரில் முனைக்கு முனை தொடர்ச்சி, அதற்குப் பிறகுதான் சூடு. ரிங் டெர்மினல் கிரிம்ப் ஆன பிறகு குழாய் ஏறாது. மீட்டர் வைக்கும் முன்பே சுருக்கிவிட்டால் தவறான லேபிளை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும், கத்தி காப்பில் பட்டால் வயரே போச்சு. வயரை இழுக்கும்போது நிரந்தர லேபிள் இன்னும் இருக்காது, அப்போதைக்கு முனையில் மறைப்பு நாடாவை மடித்து மார்க்கரில் எண் எழுதுங்கள். அதை மாதக்கணக்கில் விடாதீர்கள், பசை காய்ந்து பிசின் ஆகிவிடும். முனையை நறுக்கும்போது நாடா துண்டோடு சேர்ந்து குப்பைக்குப் போகும் என்பதையும் கவனியுங்கள். நறுக்கும் முன் நாடாவைப் பின்னுக்கு நகர்த்துங்கள். கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் லேபிள்களும் இழுக்கும் முன் வேண்டாம், இறக்கை விலாவிலுள்ள பிளாஸ்டிக் புஷ் அவற்றைச் சீவிவிடும்.

டிரிம் சர்வோ (டிரிம் தகட்டை நகர்த்தும் சின்ன மோட்டர்) ரே ஆலன் வகை என்றால் 26 கேஜில் ஐந்து வயர், மோட்டருக்குப் போகும் இரண்டும் வெள்ளை. மாற்றிக் கொடுத்தால் டிரிம் எதிர்ப்பக்கம் ஓடும். மோட்டர் 1, மோட்டர் 2 என்று இரண்டுக்கும் பெயர் வையுங்கள். 26 கேஜுக்கு 2.4 மி.மீ. குழாய் தளரும், அங்கே ஐந்து வயரையும் சேர்த்த கட்டின் மேல் ஒரு லேபிள், வெள்ளை இரண்டுக்கு மட்டும் மூன்றுக்கு ஒன்றாகச் சுருங்கும் குழாய்.

---

வயர்ப்பட்டியல் பதில்:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. ஏசி 43.13-1பி சொல்வது இதுதான்: இரண்டு முனையிலும், நடுவில் 15 அங்குலத்துக்கு மிகாமல், 3 முதல் 7 அங்குல வயருக்கு நடுவில் ஒன்று, 3 அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம். அது ஏற்கத்தக்க வழிகளின் தொகுப்பு, வீட்டில் கட்டும் விமானத்துக்குக் கட்டளை இல்லை. தொழிற்சாலையில் வயரின் மேலேயே அச்சிடுகிறார்கள், புற ஊதா லேசர் காப்பிலுள்ள டைட்டேனியம் டை ஆக்சைடைக் கறுக்க வைக்கிறது. அவர்களுக்கு 15 அங்குலம் என்பது சும்மா வருவது. கையில் குழாய் கோப்பவருக்கு 400 லேபிள் ஆயிரத்தைத் தாண்டும், கட்டும் தடிக்கும். சூடான அச்சால் வயரில் எண் பதிக்கும் பழைய கருவி மலிவாகக் கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள். அச்சு ஆழமாக இறங்கினால் காப்பு அங்கேயே வெட்டுப்படும், 22 கேஜில் காப்பின் தடிமன் கால் மி.மீ.கூட இல்லை.

என் கணக்கு: இரண்டு முனை, ஃபயர்வாலின் இரு பக்கம், இறக்கை வேரில் கழற்றும் கனெக்டரின் இரு பக்கம், இருக்கைக்கடியில் மூடி திறந்தால் கண்ணில் படும் இடத்தில் ஒன்று. லேபிளின் மேல் கட்டுக்கயிறோ டையோ வரக் கூடாது. முடிச்சுப் போடும் முன் எழுத்து மூடியின் பக்கம் பார்க்கும்படி ஒவ்வொரு வயரையும் திருப்பிவிடுங்கள், முடிச்சு விழுந்த பிறகு திருப்ப முடியாது.

கௌலிங் சொன்ன பெயர்-எண் ஏற்பாடு எனக்கும் சம்மதம். ஆனால் பெயர் மாறினாலும் எண்ணை மாற்றாதீர்கள், பட்டியலில் குறிப்புப் பத்தியில் மட்டும் எழுதுங்கள். அந்தப் பட்டியலை ஒரு பிரதி அச்சிட்டு, உறைக்குள் போட்டு, விமானத்திலேயே வையுங்கள்.